மார்ஃபின் வேலை செய்வது மூளையில் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வலிநிவாரணிக் கட்டுரை, அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் மூளையை மயக்குவதாலேயே வலி தெரியாமல் போகிறது என்று முடித்திருந்தது. கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

எலியின் வாலில் வெப்ப ஒளியைக் குவித்தால், மூன்று நான்கு நொடிகளில் அது வாலைச் சுண்டி இழுத்துக்கொள்ளும். மார்ஃபின் ஏற்றிய எலியோ பேசாமல் கிடக்கும். வால் வெந்துவிடப் போகிறதே என்று பத்து நொடியில் நாமே விளக்கை அணைத்துவிடுவோம். 1941இல் டாமூர், ஸ்மித் இருவரும் வகுத்த சோதனை இது. மூளையோடு தொடர்பு அறுபடும்படி தண்டுவடம் துண்டிக்கப்பட்ட எலியும் வாலை இழுக்கிறது; அந்தச் சூடு மூளைக்கு எட்டவே எட்டாது, இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். மருந்தின் அளவைக் கூட்டினால் அதுவும் அடங்குகிறது. ஆகவே, வால் இழுபடும் நேரத்தையே வலியின் அளவாகக் கட்டுரையாளர் கொண்டதும் பொருந்தாது.

வலியைச் சுமந்துவரும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் முடியும் நுனியிலேயே மார்ஃபினுக்கான ஏற்பிகள், அதாவது மருந்து வந்து ஒட்டிச் செயல்படும் இடங்கள், உள்ளன. அங்கே கால்சியம் நுழைவதை மார்ஃபின் தடுப்பதால், அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள் சுரப்பது குறைகிறது. எலிகளின் தண்டுவட உறைக்குள் நேரடியாக மார்ஃபின் செலுத்தி தண்டுவடத்திலேயே அது வலியைத் தணிக்கிறது என்பதை யாக்ஷ், ரூடி ஆகியோர் 1976இல் மெய்ப்பித்தனர். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் துளியளவு மார்ஃபின் சேர்க்கும் இன்றைய வழக்கத்துக்கும் அடிப்படை இதுவே. அதே 1976இல், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட நாய்களின் அனிச்சைச் செயல்களை வைத்துத்தான் அமெரிக்காவின் மார்ட்டின் குழுவினர் மியூ, கப்பா, சிக்மா என்று அபினி வகை மருந்துகளின் ஏற்பிகளைப் பிரித்தனர். (சிக்மா பின்னாளில் அக்குடும்பத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த நாய்களை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடம்தான்.)

“அபினி அடக்கும், ஊக்கி முடுக்கும்” என்று அக்கட்டுரையில் வந்த பெட்டிச் செய்தியும் பாதி உண்மையே. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் இழைகளின் நுனியில் சேர்ந்துள்ள நோரட்ரினலின் என்ற செய்தி சொல்லும் வேதிப்பொருளை வெளியேற்றி, காலை மடக்கும் அனிச்சையை ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கி மருந்து வலுப்படுத்துகிறது என்பது சரி. ஆனால், நோரட்ரினலினின் ஏற்பிகளுள் ஒரு வகையைத் தூண்டும் குளோனிடின் என்ற மருந்து, 1973இல் ஸ்வீடனில் தண்டுவடம் அறுபட்ட பூனைகளை ஓடுபட்டையில் (டிரெட்மில்) நடக்கவும் வைத்தது. அதே மருந்து தண்டுவடத்தில் வலியையும் தணிக்கிறது; ஆக, ஒரே மருந்து முடுக்கவும் செய்யும், அடக்கவும் செய்யும். அடுத்த இதழில் இந்த இடங்களைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர்,
நாமக்கல்.