அத்தைக்கு ஒரு போன்

பெஸ்தாரி ஜெயா
ஞாயிறு, மாலை

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய குரல் பதிவு 11 நிமிடம். முதல் தடவை கேட்டபோது எங்கள் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. இரண்டாம் தடவை கேட்டபோது நீ பேசிய இடத்தில் லாரி போனது. மூன்றாம் தடவைதான் விஷயம் பிடிபட்டது: உன் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, போன் வாங்க வேண்டும், உன் பிள்ளைகள் மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், நீ ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்கிறாய். நானும் குரலிலேயே பதில் சொன்னால் அரை மணி ஆகிவிடும். அதனால் பழைய பழக்கப்படி எழுதுகிறேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த கைக்கு எழுதினால்தான் புத்தி ஓடுகிறது.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு நாளாகச் சாயங்கால மழை. என் வலது முழங்கால் மழைக்கு அரை மணி முன்னாலேயே சொல்லிவிடுகிறது. மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துச் சிரித்திருப்பாய். பெயரை மாற்றியது 2007-ல், ஆனாலும் எனக்கு அது கடிதத் தலைப்புக்கு மட்டும்தான். வாயைத் திறந்தால் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான். அத்தைக்கு இரண்டும் தேவையில்லை, அவருக்கு இன்னும் இது 'டவுன்'.

சரி, போன். உன் பதிவைக் கேட்ட மறுநாளே அத்தை வீட்டுக்குப் போய் என் போனை அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். எது வாங்கலாம் என்று கடையில் கேட்பதைவிட இது மேல் என்று தோன்றியது. திரையைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார், அப்போதும் இல்லை. தொடுதிரைக்கு அழுத்தம் தெரியாது மச்சான். விரல் பட்டதும் அங்கே மின்சாரத்தில் உண்டாகும் சின்ன மாற்றத்தைத்தான் அது கண்டுபிடிக்கிறது. தோல் காய்ந்து தடித்துப்போயிருந்தால் விரல் வந்ததே அதற்குத் தெரியாமல் போகலாம். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக் கத்தி பிடித்த விரல் அல்லவா? அத்தை என்ன செய்தார் தெரியுமா? பஞ்சாங்கத்தில் ஏடு புரட்டுகிற மாதிரி விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு மறுபடி தொட்டார். திறந்துகொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். தொட்ட விரலை எடுக்கமாட்டேன் என்கிறார். ஒரு படத்தின்மேல் விரல் கூடுதல் நேரம் நின்றால், ஏதோ வேறு வேலை சொல்கிறார் என்று போன் நினைத்துக்கொண்டு பட்டியல் ஒன்றைத் திறக்கிறது. அவர் பயந்து என்னிடம் நீட்டுகிறார். இதற்கு வழி இருக்கிறது. அமைப்புகளில் பார்வை, காது, கை குறைந்தவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு, அங்கே இந்த நேரத்தைக் கூட்டிவிடலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. எழுத்தைப் பெரிதாக்குவதும் அப்படியே. ஆகவே அத்தையின் விரலை வைத்துப் பார்த்தால் எதுவும் எதற்கும் மேல் இல்லை.

உன் மூத்தவன் ஐபோன்தான் என்று நிற்பது ஆப்பிளின் வீடியோ அழைப்பான ஃபேஸ்டைமுக்காக. சிங்கப்பூரில் அவன் வீட்டில் எல்லாரும் ஐபோன், பாட்டியும் சேர்ந்துவிட்டால் முடிந்தது என்கிறான். ஐபோன்காரர் ஒரு இணைப்பு அனுப்பினால் ஆண்ட்ராய்டிலிருந்தும் ஃபேஸ்டைமில் சேரலாம், 2021 முதல் அப்படித்தான். ஆனால் அத்தை அந்த இணைப்பைத் தொட்டு, பெயரைத் தட்டி, உள்ளே விடும்வரை காத்திருந்து... நடக்காத கதை. அதற்காக அவருக்கு ஐபோன் வாங்குவதைவிட, பேரன் வாட்சாப்பில் வீடியோ அழைப்பு போடட்டும். மணி அடிக்கும், பச்சைப் பொத்தான், முடிந்தது.

மேசை இழுப்பறையில் கிடக்கும் உன் பழைய ஐபோன் 6-ஐக் கொடுக்கலாமா என்று கடைசியில் மெதுவாகக் கேட்டாயே, வேண்டாம். சிக்கனம் புரிகிறது. ஆனால் அது 2014-ல் வந்த போன், அதன் இயங்குதளம் ஐஓஎஸ் 12-க்கு மேல் ஏறாது. 2025 மே 5 முதல் வாட்சாப்புக்குக் குறைந்தது ஐஓஎஸ் 15.1 வேண்டும். அதை அத்தைக்குக் கொடுத்தால் டார்ச் லைட்டாகத்தான் பயன்படும்.

ஐபோன் பக்கம் ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் மகன் என்னைக் கஞ்சன் என்பான். 2023-ல் வந்த ஐஓஎஸ் 17-ல் முதியவர்களுக்கு ஏற்ற மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. நாலைந்து பெரிய பெரிய கட்டங்கள் மட்டும் திரையில் நிற்கும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். சாம்சுங்கிலும் 'எளிய முறை' என்று ஒன்று உண்டு, ஆனால் ஐபோனில் இருப்பது இன்னும் இறுக்கமானது.

அதைவிடப் பெரிய விஷயம் ஏமாற்றுக்காரர்கள். நம் பழைய தோட்டத்து வாட்சாப் குழுவில் ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று திறந்தார். அது பத்திரிகை இல்லை, ஏபிகே என்கிற ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு. உள்ளே புகுந்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் பணம் மாற்ற வங்கி அனுப்பும் ரகசிய எண்ணான டேக் எண் நேரே திருடன் கைக்குப் போகும். மனிதர் இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளியை (ரிங்கிட்) இழந்தார். அவமானத்தில் இரண்டு நாள் வெளியில் சொல்லவில்லை, அதுதான் பெரிய தப்பு. உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அழைத்திருந்தால் பணம் கை மாறுவதற்குள் தடுக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். ஐபோனில் இந்த ஏபிகே வித்தை செல்லாது. ஆண்ட்ராய்டில் 'அறியாத இடத்திலிருந்து செயலி நிறுவுதல்' என்பதை எல்லாவற்றுக்கும் மூடி வைக்க வேண்டும். அத்தை போனில் வங்கிச் செயலியே வேண்டாம். பணம் இல்லாத வீட்டில் திருடன் என்ன எடுப்பான்?

தமிழ் விஷயத்தில் இரண்டும் இப்போது ஒன்றுதான். 2005-ல் நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் செல்லினம் என்ற கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தபோது தமிழில் குறுஞ்செய்தி அனுப்பியதே பெரிய அதிசயமாக இருந்தது. ஐபோனில் தமிழ் விசைப்பலகை வந்தது 2013-ல்தான். ஆப்பிள் கருவிகளில் இருக்கிற தமிழ் எழுத்துருக்களில் சிலவும் அவர் வடித்தவைதான், தெரியுமா? இன்று கூகுள் விசைப்பலகையில் தமிழ் என்று தேடினால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு தமிழ் வருகிறது. மலேசியாவைத் தேர்ந்துவிட்டு மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக விழுகிறது. அத்தையைப் பேசச் சொன்னேன். "மழ பேஞ்சுது, துணி காயல" என்றார். ஏறக்குறைய சரியாகவே எழுதியது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, "நான் சொன்னத அப்படியே எழுதியிருக்கான்" என்றார். எவன் என்று நான் விளக்கவில்லை.

அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? நான் பார்த்தவரை ஒன்றுதான்: போன் தகராறு செய்யும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சத்தம் தானாகக் குறைந்துபோகும், திரை கறுத்துப்போகும், எவனோ அழைப்பான். அப்போது சிங்கப்பூர்ப் பேரனால் ஒன்றும் செய்ய முடியாது. என் பேத்தி இருக்கிறாளே, நான்காம் படிவம் படிப்பவள், பள்ளி விட்டு வந்ததும் முறுக்குக்காகவே அத்தை வீட்டில்தான் கிடக்கிறாள். அவள் கையில் இருப்பது சாம்சுங். ஐபோனைக் கொடுத்தால் அவளே தடவிக்கொண்டு நிற்பாள். ஆகவே அவளுடையதைப் போலவே ஒன்று, அதே பொத்தான், அதே திரை. 600, 700 வெள்ளிக்குள் முடியும். வாங்கும்போது எத்தனை வருஷம் புதுப்பிப்பு வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024-ல் வந்த ஏ16 5ஜி மாதிரி விலை குறைந்த போனுக்கே ஆறு வருஷம் என்கிறார்கள். அத்தைக்கு 82. ஆறு வருஷம் ஓடினால் நாம் இருவரும் சேர்ந்தே அவருக்கு அடுத்த போன் வாங்கலாம்.

இனி அரட்டைச் செயலி. உன் மகள் சிக்னல் என்கிறாள், சின்னவன் டெலிகிராம் என்கிறான். நம் பத்திரிகைக்காரர்கள் புலனம் என்று எழுதுவதை நீயும் நானும் வாட்சாப் என்றே சொல்லிக்கொண்டு அதிலேயே கிடக்கிறோம்.

உன் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை அவளிடம் சொல். வாட்சாப்பும் சிக்னலும் போடுகிற பூட்டு ஒரே பட்டறையில் அடித்தது. 2016 முதல் வாட்சாப் சிக்னலின் முறையைத்தான் பயன்படுத்துகிறது. நடுவில் யாரும் செய்தியைப் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்கிற விவரம் வேறு, அந்த மாதிரி விவரங்கள் வாட்சாப்பின் முதலாளியான மெட்டாவிடம் சேரும். சிக்னல் அதைக்கூட வைத்துக்கொள்வதில்லை. வாட்சாப்பை உண்டாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் அங்கிருந்து விலகி, 2018-ல் 5 கோடி டாலர் கொடுத்துச் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்க உதவினார். கடையைக் கட்டியவரே எதிரே வேறு கடை போட்ட கதை.

சின்னவன் நினைப்பதுதான் தப்பு. டெலிகிராம் ரகசியமானது என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். சாதாரணமாகப் பேசினால் செய்தியெல்லாம் அவர்கள் கணினியில்தான் இருக்கும், முழுப் பூட்டு கிடையாது. 'ரகசிய அரட்டை' என்று தனியாகத் திறந்தால்தான் உண்டு, அதுவும் இருவருக்குள் மட்டும், குழுவுக்கு இல்லை. 200,000 பேர் சேரும் குழு வைத்துக்கொள்ள நல்லது. நம் குடும்பம் அவ்வளவு பெரிதில்லை, சண்டை மட்டும்தான் பெரிது.

2021 ஜனவரி ஞாபகம் இருக்கிறதா? வாட்சாப் விதிமுறையை மாற்றப்போகிறது என்றதும் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. நம் தோட்டத்துக் குழுவிலும் இளசுகள் "எல்லாரும் டெலிகிராமுக்கு வாங்க" என்று பாதிப் பேரை இழுத்துக்கொண்டு போனார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வீடுகளான லயம் காலியாகி, கிள்ளான், ரவாங், ஜொகூர் என்று சிதறிய சனத்தை அந்த ஒரு குழுதான் மறுபடி காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நிற்கவைத்த மாதிரி கூட்டியிருந்தது. அது இரண்டாக உடைந்தது. அந்த வருஷமே நம்மை மேய்த்த பழைய மேற்பார்வையாளர், நம் தண்டல், இறந்துபோனார். செய்தி புதுக் குழுவில் மட்டும் போட்டார்கள். அவரோடு முப்பது வருஷம் வேலை பார்த்த கிழவர்கள் பழைய குழுவில் வணக்கமும் பூப்படமும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கே கருமாதி முடிந்த பிறகுதான் தெரியும். லயத்தில் இருந்த காலத்தில் சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் கேட்டால் போதும், யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. செயலியின் மேல் குற்றம் இல்லை மச்சான், கூட்டத்தைக் கலைத்தது நாம்.

அதனால் அத்தைக்கு வாட்சாப். எல்லாரும் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். உன் மகள் கவலையும் தீர வேண்டும் என்றால் நீ, உன் மனைவி, பிள்ளைகள் ஐந்து பேரும் சிக்னலில் ஒரு சின்னக் குழு வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் படம், மருத்துவ அறிக்கை, வீட்டுப் பத்திரம் இதெல்லாம் அங்கே போகட்டும். போன மாதம் நீ வீட்டுப் பத்திரத்தைக் குடும்பக் குழுவில் போட்டாய், அதில் உன் சகலையின் தம்பியும் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டாய். எத்தனை பூட்டு இருந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அது திறந்த வீடுதானே?

போன் வந்ததும் செய்ய வேண்டியதை நானும் பேத்தியும் பார்த்துக்கொள்கிறோம். வாட்சாப்பில் இரண்டாம் பூட்டாக ஆறு இலக்க எண் போட்டுவிடுவேன். அந்த எண் என் டைரியிலும் உன்னிடமும் இருக்கும். குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் வந்து, யாராவது அழைத்துக் கேட்டால், பெற்ற மகன் குரலாகவே இருந்தாலும் சொல்லக்கூடாது என்று அத்தையிடம் படித்துப் படித்துச் சொல்லியாயிற்று. "அவனுக்கு எதுக்குச் சொல்லணும், அவன் என்னைக்கு எனக்கு எண்ணிக் குடுத்தான்" என்றார். நீயே பதில் சொல்லிக்கொள். தானாகப் படம் இறங்குவதையும் நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் குழுவில் வரும் சாமி படத்திலேயே போன் ஒரு மாதத்தில் நிரம்பிவிடும். சேமிப்புப் பிரதி கூகுளில் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

சனிக்கிழமை காலையில் பேத்தியோடு கோலசிலாங்கூர் போய் வாங்கி வரலாம் என்றிருக்கிறேன். 700 வெள்ளி அனுப்பு, மிச்சம் இருந்தால் தடித்த உறையும் திரைக்கு ஒரு காப்புக் கண்ணாடியும் போட்டுவிடலாம். நிறம் என்ன என்று அத்தையைக் கேட்டேன். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அதுல டார்ச் லைட் இருக்கா? பொத்தான் போன்ல மேல இருந்துச்சே, அந்த மாதிரி" என்றுதான் கேட்டார். விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மர நெரைக்குப் போனவர், இப்போதும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறார், கோழிக்கூட்டைப் பார்க்க. இருக்கிறது அத்தை, முன்னாலேயே வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கூட்டாளி