பெட்டியோடு ஒரு சீட்டு வரட்டும்

பெறுநர்: ஒன்றிய மீன்வளத் துறைச் செயலாளர் அவர்கள், இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் கூட்டங்களுக்கு நாட்டின் சார்பில் செல்லும் குழுவினர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். கடலே இல்லாத இரண்டு மாவட்டங்களிலிருந்து கடல்மீனைப் பற்றி மடல் வருவது உங்களுக்கு விந்தையாக இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் மீன் விற்கும் சில்லறை வியாபாரிகளும், மீன்வளம் படித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்த சிலரும் சேர்ந்து எழுதுகிறோம்.

சென்ற மாதம் எங்கள் பகுதிச் சந்தை ஒன்றில் ஒரு பெட்டிச் சூரையை, அதாவது டூனா மீனை, அதிகாரிகள் பினாயில் ஊற்றி அழித்தார்கள். வாங்கிச் சாப்பிட்ட சிலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வந்தது. பழைய மீனை விற்றதாக வியாபாரி மேல் பழி. மீன் நாறவில்லை. செவுள் சிவப்பாகத்தான் இருந்தது. ஃபார்மலின் சோதனைப் பட்டையும் நிறம் மாறவில்லை. எந்தப் படகு, எந்த வலை, எப்போது பிடித்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். பில்லில் இருந்தது இவ்வளவே: "சூரை, 40 கிலோ."

இந்த மடலின் கோரிக்கை முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியது. துறைமுகத்தில் ஏலம் போகும் ஒவ்வொரு சூரைப் பெட்டியோடும் ஒரு சீட்டு வர வேண்டும். என்ன இனம், மீனின் அளவு, எந்த வலை அல்லது தூண்டில், படகின் பதிவு எண், கடலிலிருந்து ஏற்றிய நேரம், ஐஸ் போட்ட நேரம். இந்த ஆறும் போதும்.

சூரையின் உடம்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மற்ற மீன்களைப் போல் தண்ணீரின் குளிர்ச்சிக்கு அது அடங்குவதில்லை. தசையின் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். செத்த பிறகும் அந்தச் சூடு சீக்கிரம் இறங்காது. அதன் தசையில் நிறைய இருக்கும் ஹிஸ்டிடின் என்ற சத்தை, சூட்டில் பெருகும் நுண்ணுயிர்கள் ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். ஒருமுறை உண்டாகிவிட்டால் பொரித்தாலும் போகாது, புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரம் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத பொருளுக்கு வரம்பு வைத்தால், சந்தையில் கத்தி பிடித்து நிற்பவர் எதைக் கொண்டு அளப்பார்?

நேரத்தைக் கொண்டுதான் அளக்க முடியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கடலுணவுக் கையேடு இதைத் தெளிவாகச் சொல்கிறது: 28.3 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட காற்றிலோ தண்ணீரிலோ கிடந்த மீன், செத்த 6 மணி நேரத்துக்குள் ஐசுக்குள் போய்விட வேண்டும். நம் கடலின் மேல்மட்டத் தண்ணீர் கோடையில் இந்தச் சூட்டைத் தாண்டியே கிடக்கிறது. இப்போது கடலில் சுவர் போல மிதக்கவிடும் வழிவலையை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும்போது விரிக்கிறார்கள், விடியும்போது வாங்குகிறார்கள். இரவு எட்டு மணிக்கு மாட்டி மூச்சு முட்டிச் செத்த மீன் காலை ஐந்து மணிக்குப் படகேறுகிறது. ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. ஐசைப் பார்ப்பதற்கு முன்பே அந்த மீனின் கெடு முடிந்துவிட்டது. அதே வலையில் நாலு மணிக்கு மாட்டியது அருமையான மீன். இரண்டும் ஒரே பெட்டியில் ஏறி, ஒரே லாரியில் தொப்பூர்க் கணவாய் ஏறி வருகின்றன. அங்கிருந்து இங்கு வரும் வரை ஐஸ் குறையாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதில் தவறினால் தண்டியுங்கள். ஆனால் கடலுக்குள் போன ஒன்பது மணி நேரத்துக்கு தருமபுரியில் யாரைத் தண்டிப்பது?

தூண்டிலில் வரும் கேரையின், அதாவது மஞ்சள் துடுப்புச் சூரையின், கதையே வேறு. உயிரோடு மேலே வருகிறது. மண்டையில் கம்பியைக் குத்தி உடனே அடக்கி, பக்கத் துடுப்புக்குப் பின்னால் கீறி ரத்தத்தை வடித்து, குடலையும் செவுளையும் எடுத்து ஐசில் இறக்கினால் தசை கண்ணாடி போல் இருக்கும். குத்தாமல் துடிக்க விட்டால் உடம்பு சூடேறி, தசை வெளுத்துப் புளித்துப்போகும். இந்த வித்தையைக் குமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்களுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. ஆனால் அந்த உழைப்புக்கான கூடுதல் விலை கொச்சியோடு நின்றுவிடுகிறது. எங்கள் சந்தைக்கு வரும்போது அதற்கும் பேர் சூரை, வழிவலையில் வெந்ததற்கும் பேர் சூரை. விலை ஒன்று என்றால் யார் கையை நோகடித்து ரத்தம் வடிப்பார்கள்?

அடுத்தது அளவு. மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை 50 செ.மீ. உள்ள இரண்டு மீன்கள் ஒரு பெட்டியில் கிடக்கின்றன என்று வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. ஒன்றின் வயிற்றில் நீளவாக்கில் கருங்கோடுகள் நாலைந்து ஓடுகின்றன. அது வரிச்சூரை, ஏற்கெனவே முட்டையிட்டு முடித்த முழு மீன், தாராளமாகத் தின்னலாம். இன்னொன்றின் வயிற்றில் வெளிறிய குறுக்குக் கோடுகளும் புள்ளிகளும் மாறி மாறி இருக்கின்றன. அது கேரை. அது வயசுக்கு வர ஒரு மீட்டர் நீளம், 20 கிலோ எடை வேண்டும். எட்டில் ஒரு பங்கு எடையிலேயே குழம்புக்குப் போய்விட்டது. ஒரே பருமனுள்ள மீன்கள் இனம் பாராமல் சேர்ந்து திரிவதால் இப்படி நடக்கிறது. கடலில் மிதக்கும் எதன் அடியிலும் இது இன்னும் அதிகம். பெருங்கண் சூரைக் குஞ்சும் சேர்ந்துவிட்டால் ஈரலைப் புரட்டி, ஓரத்தில் வரிகள் ஓடுகின்றனவா என்று பார்த்துத்தான் அதைக் கேரையிலிருந்து பிரிக்க முடியும். தலையும் குடலும் போன பிறகு யாராலும் முடியாது. எனவே எழுத வேண்டிய இடம் ஏலக்கூடம்தான். வேறு எங்கே எழுதினாலும் காலம் கடந்துவிடும்.

இதெல்லாம் சந்தைச் சச்சரவு, ஆணையத்துக்கும் இதற்கும் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். இந்தக் கடலில் சூரை பிடிக்கும் நாடுகள் சேர்ந்து நடத்தும் அந்த ஆணையத்தின் 15/02 எண் தீர்மானம், பிடித்த மீனில் டன்னுக்கு ஒன்றாவது அளந்து, இனம் வாரியாக, வலை வாரியாக ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் அனுப்பச் சொல்கிறது. இந்தியப் பெருங்கடலின் சூரையில் ஏறத்தாழ பாதியைப் பிடிப்பவை கரையோர நாடுகளின் சிறு படகுகள். ஆனால் பதிவேடு எழுதும் கட்டாயம் 24 மீட்டர் நீளக் கப்பல்களுக்கும், சொந்தப் பொருளாதார மண்டலத்தைத் தாண்டிப் போகும் சிறிய படகுகளுக்கும்தான். மற்றவை மாதிரிக் கணக்கெடுப்பை நம்பியிருக்கின்றன. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இறங்குதளங்களில் அந்த வேலையைப் பல்லாண்டுகளாக ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் மாதிரி என்பது மாதிரிதான். கேரை வளம் அளவுமீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள். 2024-இல் மறுபடி மதிப்பிட்டுத் தேறிவிட்டது என்கிறார்கள். மகிழ்ச்சி. பெருங்கண் சூரைக்கு 2022-இல் அபாய மணி அடித்திருக்கிறது. குஞ்சு எவ்வளவு சாகிறது என்ற கணக்கு கரையிலிருந்து வராத வரை இந்த மதிப்பீடுகள் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

இங்கேதான் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, பொறுத்தருள வேண்டும். 2021-இல் கேரை பிடிப்பைக் குறைக்க 21/01 தீர்மானம் வந்தபோது இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது. ஆட்சேபிக்கும் நாட்டைத் தீர்மானம் கட்டுப்படுத்தாது. சிறு மீனவர் வயிற்றில் அடிக்காதே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. நாங்களும் அந்தப் பக்கம்தான். 2023-இல் மிதவைகளைக் கட்டுப்படுத்த 23/02 வந்தது. செயற்கைக்கோள் கருவியும் எதிரொலிமானியும் கட்டி, அடியில் இத்தனை டன் மீன் நிற்கிறது என்று கப்பலுக்குச் செய்தி அனுப்பும் மிதவைகள் அவை. ஆண்டில் 72 நாள் அவற்றை நிறுத்தி வைக்கச் சொன்ன தீர்மானத்தை ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பலரும் ஆட்சேபித்தே செல்லாக்காசு ஆக்கினார்கள். உங்களுக்கு 120 நாள் ஆட்சேப உரிமை, அவர்களுக்கும் 120 நாள் ஆட்சேப உரிமை. மீனுக்குத்தான் ஆட்சேபிக்க வழியில்லை.

நாளைக்கு மொத்தப் பிடிப்பை நாடுகளுக்குப் பங்கு போட்டே தீர வேண்டும். 2011 முதல் அதற்குத் தனிக் குழு அமைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடந்த காலத்தில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதும் பங்கின் அளவுகோல்களில் ஒன்றாக அங்கே மேசை மேல் இருக்கிறது. ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்கள் வலை வாரியாக, நாள் வாரியாகத் தாள் நீட்டும். நம் குழு என்ன நீட்டும்? "சூரை, 40 கிலோ"வா? இன்று எழுதாத சீட்டு ஒவ்வொன்றும் நாளைக்கு நம் மீனவர் இழக்கும் பங்கு. பசிபிக்கில் நவூரு ஒப்பந்த நாடுகளைப் பாருங்கள். அவற்றில் பல நம் மாவட்டங்களை விடச் சிறிய தீவுகள். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்குவலைக் கப்பலுக்கு நாள் கணக்கில் அனுமதி விற்கிறார்கள். ஒரு நாளுக்குக் குறைந்தது 8,000 டாலர். கப்பல்தோறும் கண்காணிப்பாளரை ஏற்றி வைத்திருந்ததும் பெரிய நாடுகளிடம் கறாராகப் பேச அவர்களுக்குக் கைகொடுத்தது.

நம் கரையில் கணக்கு எழுதுவது அவ்வளவு கடினமா? எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் காலையில் ஒருவர் இரண்டு லிட்டர் ஊற்றினாலும் கொழுப்பு இவ்வளவு, இதரச் சத்து இவ்வளவு என்று சீட்டு கிழித்துக் கொடுக்கிறார்கள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஒவ்வொரு குவியலுக்கும் எடை, விலை, விவசாயி பெயர் எழுதப்படுகிறது. மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் லோடுக்கு எடைமேடைச் சீட்டு. அணை மீனில் ஜிலேபியைக்கூட கட்லாவோடு கலந்து எடை போட விடமாட்டார்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். புழுக்கூட்டுக்கும் மாங்காய்க்கும் இருக்கிற பிறப்புச் சான்றிதழ், ஏழு கடல் சுற்றும் மீனுக்கு இல்லை. உலக அரங்கில் நீலப் பொருளாதாரம் என்று பேசும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, கேட்க வந்ததை மரியாதையோடு கேட்டுவிடுகிறோம். புதிய ஆள், புதிய செயலி, புதிய டெண்டர் எதுவும் வேண்டாம். கடலோர ஊர்களில் மீன்பிடிக் கணக்கெடுக்கும் சாகர் மித்ரா பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஏலம் நடக்கும்போது தரகர் எடை எழுதத்தான் போகிறார். அதே தாளில் ஆறு கட்டங்கள் கூடுதலாக இருக்கட்டும். நனைந்தாலும் கிழியாத தாள், கார்பன் வைத்து மூன்று படி: ஒன்று துறைக்கு, ஒன்று படகுக்கு, ஒன்று பெட்டிக்கு. எழுதத் தெரியாதவரும் டிக் அடிக்கும்படி வரிச்சூரை, கேரை, எலிச்சூரை, பெருங்கண் சூரை எல்லாம் படமாகவே அச்சாகட்டும். ஒவ்வொரு மீனையும் அளக்கச் சொல்லவில்லை. பெட்டியில் மேலே இருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என மூன்றை அளந்தால் போதும். மேலே மட்டும் அளந்தால் பெரிய மீனை மேலே அடுக்கிவிடுவார்கள், அது எங்களுக்கே தெரிந்த தொழில். வலை என்றால், ஏற்றிய நேரத்துக்கான கட்டத்திலேயே விரித்த நேரம், வாங்கிய நேரம் இரண்டையும் கேளுங்கள். எங்கள் வாடிக்கையாளரைக் காப்பாற்றப் போகும் கட்டம் அதுதான்.

ஒரு விண்ணப்பம் இதோடு சேர்ந்தது. இந்தச் சீட்டைச் சிறு படகுகளின் மேல் அபராதம் போடும் ஆயுதமாக ஆக்கிவிடாதீர்கள். முதல் ஆண்டில் குஞ்சு கேரை எழுதியதற்காக ஒரு படகுக்கு அபராதம் விழுந்தால், மறுநாள் முதல் எல்லாப் படகிலும் வரிச்சூரை மட்டும்தான் மாட்டும், காகிதத்தில். 2025 நவம்பரில் வந்த பொருளாதார மண்டல மீன்பிடி விதிகளில் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது. அளந்து பார்த்த பிறகு நிர்ணயுங்கள். இரண்டரை கிலோமீட்டரைத் தாண்டும் வழிவலைக்கு ஆணையத்தின் பகுதி முழுவதும் 2022 ஜனவரி முதல் தடை இருக்கிறது. அது எத்தனை துறைமுகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சுருக்குமடி என்னும் சுருக்குவலைக்கு உச்ச நீதிமன்றம் 2023-இல் திங்கள், வியாழன் என்று கிழமை குறித்து இடைக்கால அனுமதி தந்தது. அந்த இரண்டு கிழமைகளின் சூரையாவது தனியாகத் தெரிய வேண்டாமா?

நாகப்பட்டினத்திலோ கொச்சியிலோ ஒரே ஒரு ஏலக்கூடத்தில், ஒரு பருவத்துக்குச் சோதனையாகத் தொடங்கினாலும் போதும். சீட்டோடு வரும் பெட்டிக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து எடுக்க நாங்கள் தயார். அந்தச் சீட்டைக் கடை முன் தொங்கவிட்டு விற்கவும் தயார். அடுத்த ஜூன் 30-க்குள் ஒரு பதில் கிடைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

ஆறு கட்டங்கள் போட்ட மாதிரிச் சீட்டு ஒன்றை இதோடு இணைத்திருக்கிறோம். அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. தனித் தாள் இல்லாவிட்டால் பதிலை அதிலேயே எழுதி அனுப்பலாம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சில்லறை மீன் வியாபாரிகளும் நண்பர்களும்