தொட்டிச் செடிக்கு உரம் கேட்ட நண்பருக்கு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

மணி பிளாண்டின் இலைகள் மஞ்சளாகின்றன, எந்த இயற்கை உரம் இடலாம் என்று கேட்டிருந்தீர்கள். உரம் இப்போதைக்கு வேண்டாம்; தண்ணீர் அதிகமானதே காரணமாக இருக்கலாம். வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றோட்டமும் குறைவாக இருப்பதால் தொட்டி மண் மெதுவாகவே காயும்; அதைப் பாராமல் தினமும் தண்ணீர் ஊற்றினால், மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் நீர் நிரம்பி, வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் செடி வாடும்; தண்ணீர் போதவில்லை என்று எண்ணி நாம் இன்னும் ஊற்றுவோம்.

செடியை மண்ணோடு மெல்லக் கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். கெட்டுப்போன வேர் பழுப்பேறிக் குழைந்திருக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வர, உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் நிற்கும். அவற்றை வெட்டிவிட்டு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு கலந்து மறுபடி நடுங்கள். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள்; உண்மையில், மேலே உள்ள மண் நீரில் ஊறி நிறையும்வரை அது கல்லுக்குள் இறங்காது. தொட்டியின் அடியில் துளை இருந்தால் போதும். இனி, மேல்மண் ஓர் அங்குல ஆழத்துக்குக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

கொடியில் இலைக்கும் இலைக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். சன்னலுக்கு அருகே நகர்த்துங்கள். செடிகள் அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிச் சொல்லக் காரணமான, 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டி போன்ற அறைகளில் நடந்தது. காற்று வந்துபோகும் வீட்டில் சில தொட்டிகளால் அந்தப் பலன் கிடைக்காது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதே வளர்க்கப் போதுமான காரணம்.

காம்பு இடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாகத் தெரிவதாக நீங்கள் எழுதியது மாவுப்பூச்சிதான். ஈரத் துணியால் துடைத்தெடுத்த பின், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் நீரோடு கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் படாத நேரத்தில் இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். முட்டைகளிலிருந்து புதியவை வெளிவந்துகொண்டே இருக்கும் என்பதால், வாரம் ஒருமுறை என ஒரு மாதமாவது இதைத் தொடர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்