மகனுக்கு, ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன்

அன்புள்ள மகனுக்கு,

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்த குறிகளில் பாதி கொஞ்ச நாளில் மறந்துபோகும். வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொள். படம் மறந்தாலும் பொருள் விளங்கிவிடும்.

சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை. நீல வட்டம் கட்டளை. சாலைக் குறிகளைப் பற்றிய 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையைத் தழுவிய நாடுகளில் ஏறக்குறைய இதே முறைதான். சில நாடுகளில் எச்சரிக்கை மஞ்சள் நிறச் சாய்சதுரமாக இருக்கும். எண்கோணம் ‘நில்’ என்பதற்கும் தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடு’ என்பதற்கும் உரியவை. அழுக்கோ பனியோ எழுத்தை மறைத்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இவற்றை அடையாளம் காண முடியும். குறுக்குச் சாலைக்காரருக்கு வைத்த எண்கோணத்தின் முதுகு உனக்குத் தெரிந்தால், நிற்க வேண்டியவர் அவர் என்று பொருள். ஆனால் அவர் நிற்பார் என்று நம்பி நீ வேகமெடுத்துவிடாதே. உனக்கு ‘நில்’ என்றிருந்தால், சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுமையாக நிற்க வேண்டும். ஊர்ந்து கடப்பது நின்றதாகாது.

சிக்னலில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது மஞ்சள்தான். சிவப்பு விழுவதற்குள் பாய்ந்துவிடலாம் என்று அதைப் பார்த்ததும் முடுக்குகிறார்கள். பாதுகாப்பாக நிற்க முடியுமென்றால் நின்றுவிடு என்பதே அதன் பொருள். சடன் பிரேக் போட்டால் பின்னால் வருபவர் மோதிவிடுவார் என்ற அளவுக்கு நெருங்கிவிட்டால் மட்டுமே கடக்க வேண்டும். பச்சை விழுந்ததும் இரு பக்கமும் ஒருமுறை பார். கடைசி நொடியில் பாய்ந்த ஒருவர் இன்னும் சந்திப்பின் நடுவில் இருக்கக்கூடும்.

தரைக்கோடுகளில், விட்டுவிட்டு வருவதை வழி தெளிவாக இருந்தால் கடக்கலாம். தொடர்கோட்டைக் கடக்கக் கூடாது. இரண்டும் இணையாக இருந்தால் உன் பக்கம் இருப்பதே உனக்கு விதி. வளைவிலும் மேட்டிலும் தொடர்கோடு போடுவது, எதிரே வருபவரை உன்னால் பார்க்க முடியாது என்பதால்தான். முன்னால் போகும் லாரி எவ்வளவு மெதுவாகப் போனாலும் அங்கே பொறுத்திரு.

இனி வேகம். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். 50 என்ற பலகைக்கு 60இல் போனால் என்ன, பத்துதானே என்று தோன்றும். இரண்டு கார்கள் அருகருகே வருவதாக வைத்துக்கொள். ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்தில், மற்றது 60இல். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. இரு ஓட்டுநர்களும் ஒரு நொடியில் பிரேக்கை மிதிக்கிறார்கள். சாலை காய்ந்திருக்கிறது, பிரேக்குகள் நல்ல நிலையில் இருக்கின்றன. முதல் கார் சுமார் 28 மீட்டரில், குழந்தைக்குச் சற்று முன்னால், நின்றுவிடும். இரண்டாவது கார் அதே இடத்தை அடையும்போதும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பத்து கூடியதற்கு, மோதும்போது நாற்பது! வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்ற இயற்பியல்தான் இது. அது பள்ளியில் படித்த பாடம் என்று ஒதுக்கிவிடாதே.

பலகையில் உள்ள எண் உச்சவரம்பு மட்டுமே; அதை எட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. மழை, மூடுபனி, இருட்டு, உன் தூக்கக் கலக்கம் எதுவும் பலகைக்குத் தெரியாது. அவற்றுக்காகக் குறைக்க வேண்டியவன் நீதான். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினால் வழிவிட்டுவிடு, உன் வேகத்தைக் கூட்டாதே.

நீ தினமும் போகும் பாதையில் பொருள் விளங்காத பலகையோ கோடோ இருந்தால், வண்டியை விட்டு இறங்கிய பிறகு குறித்து வைத்து எனக்கு எழுது. உன் நாட்டு விதிநூலை வைத்துக்கொண்டு இருவருமாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா