ஒட்டிப்போன செங்கல்

காரைக்குடி

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நிச்சயமானதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கானாடுகாத்தான் வீட்டைப் போய்ப் பார்த்தேன். வளவில் இரண்டு ஓடு நழுவியிருந்தது, மாற்றச் சொல்லிவிட்டேன். பின்கட்டில்தான் கோரை முழங்கால் உயரம் நிற்கிறது. களைக்கொல்லி அடித்தால் போதும், மண்ணிலேயே மக்கிவிடும் என்று மருமகன் சொன்னதாக எழுதியிருந்தாய். அவசரப்பட வேண்டாம்.

அந்த மருந்து கிளைபோசேட். அதில் கார்பனும் பாஸ்பரஸும் நேருக்கு நேர் பிணைந்திருக்கின்றன. நம் உடம்பில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் இருக்கும். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் மாதிரி. காரையைச் சுரண்டினால் கல் பிரிந்துவிடும். கிளைபோசேட்டில் இருப்பதோ சூளையில் அதிகம் வெந்து, உருகி ஒட்டிப்போன இரட்டைக் கல். சுரண்ட நடுவில் ஒன்றுமில்லை. மருந்து பெரும்பாலும் முதலில் ஆம்பா என்ற பொருளாக மாறும். அதிலும் இந்தப் பிணைப்பு அப்படியே இருக்கும்.

அதையும் உடைக்க ஒரு நொதி உண்டு: கார்பன்-பாஸ்பரஸ் லயேஸ். ஈ.கோலை பாக்டீரியா இந்த வேலைக்கென்றே 14 மரபணுக்களை வரிசையாக வைத்திருக்கிறது. வெட்டுகிற இடத்தில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த சிறு கொத்து. ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுவிடும். 2011-ல்தான் டெக்சாஸில் ஆய்வாளர் சித்தேஷ் காமத்தும் உடன் இருந்தவர்களும் பாக்டீரியாவுக்கு வெளியே, சோதனைக் குழாயில் இந்த வேலையைப் படிப்படியாக நடத்திக் காட்டினார்கள். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, முத்தையா.

ஆனால் ஒன்று. ஈ.கோலை போன்றவை பாஸ்பேட்டுக்கு, அதாவது எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடிய பாஸ்பரஸ் உப்புக்கு, பசித்தால்தான் இந்த நொதியைச் செய்யும். உன் பின்கட்டு அப்பச்சி காலத்தில் மாடு கட்டிய இடம். சாணம் ஊறிய மண்ணில் பாஸ்பேட்டுக்கு என்ன குறை? போதாததற்கு நம் செம்மண்ணின் இரும்பு அந்த மருந்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் மண்ணோடு அது ஊருணிப் பக்கம் இறங்கும். இன்னும் அங்கே குடத்தை ஓரமாகச் சாய்த்து, தண்ணீர் கலங்காமல் மொண்டு போகிறார்கள்.

சனிக்கிழமை இரண்டு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். மண்வெட்டியால் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடலாம். மேலே அறுத்தால் பத்து நாளில் மறுபடி முளைத்துவிடும். கூலியை நான் கொடுத்துவிடுகிறேன், நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆச்சியை விசாரித்ததாகச் சொல். கல்யாணத் தேதி குறித்ததும் எழுது.

உன்,
சொக்கலிங்கம்