சேகரக் கமிட்டி மூப்பர்களுக்கு, வாலிபர் சங்கத்தின் பழைய செயலாளர் எழுதுவது

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர குருவானவருக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதக் கூட்டத்தில் ‘வாலிபர்கள் ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை’ என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். செல்போன், வெளியூர் வேலை, பக்கத்துத் தெருவில் கிடாரும் டிரம்ஸுமாக நடக்கும் ஜெபக்கூட்டம் என்று வரிசையாகக் காரணங்கள் வந்தன. அந்த அறையில் முப்பது வயதுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. 46 வயதாகிற நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளை நாம் அடியோடு மறந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, வெங்காயம் உரிக்க, அண்டா தூக்க, பந்தி பரிமாற அவர்கள்தான் வேண்டும். டிசம்பரில் கோபுரத்தில் ஏறி ஸ்டார் கட்டவும் அவர்கள்தான். ‘வாலிபர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற வரி நம் மினிட்ஸ் நோட்டில் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதற்கு ‘தலைமைத்துவப் பயிற்சி’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறோம். அண்டா தூக்கிய பையனிடம் அடுத்த வருஷம் எத்தனை அண்டா வைக்கலாம் என்றுகூட நாம் கேட்டதில்லை.

பெரிய வியாழன் ஆராதனையில் கால் கழுவும் சடங்குக்கு மூப்பர்கள் பன்னிரண்டு பேர் முன்வரிசையில் உட்காருகிறோம். வீட்டிலேயே சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறோம், இல்லையா? நானும் அப்படித்தான். ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தை அப்போது வாசிக்கிறோம். அந்தப் பன்னிரண்டு சீஷர்களில் யூதாஸும் இருந்தான். பணப்பை அவன் கையில் இருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்வான் என்று முந்தின அதிகாரமே சொல்லிவிடுகிறது. அவன் எழுந்து வெளியே போவது கால் கழுவிய பிறகுதான். அவன் காலையும் சேர்த்துத்தான் ஆண்டவர் கழுவினார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கேரல் கணக்குதான். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வயதுப் பையன். ஆறு ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் போய் வசூலித்த பணத்தில் 3,400 ரூபாய் இடித்தது. வேனுக்கு டீசல் போட்டதற்கும், சின்னப் பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்ததற்கும் பில் இல்லை. கணக்கு எழுத அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நோட்டைக் கொடுத்தோம், அவ்வளவுதான். ஆனால் கேள்வியை மட்டும் சபையார் முன்னால் கேட்டோம். அவன் அப்பா எழுந்து, பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். பையன் அதற்கப்புறம் வரவேயில்லை. அன்றைக்கு என் பங்குக்கு நானும் அமைதியாக இருந்தேன்.

அப்போஸ்தலர் நடபடிகளில் இதே போல ஒரு பையன் வருகிறான். யோவான் என்னும் மாற்கு. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலேயே கழன்று வீடு திரும்பிவிட்டான். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்றார் பவுல். வேண்டும் என்றார் பர்னபா. சண்டை முற்றி இரண்டு பேரும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். அது பர்னபாவின் சொந்த ஊர். மாற்கு அவருக்கு இனத்தான், அதாவது சொந்தக்காரன், என்பதால் பரிந்து பேசினார் என்று சிலர் சொல்லலாம். சரி, இருக்கட்டும். நம் பிள்ளைகளையும் கொஞ்சம் இனத்தாராக நினைத்தால் என்ன குறைந்துவிடும்?

பல வருஷம் கழித்து அதே பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியையும் கொண்டுவரச் சொல்வது அதே கடிதத்தில்தான். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். கிழவர் தன் தேவையை ஒரு இளைஞனிடம் மறைக்காமல் சொல்கிறார். நாம் பிள்ளைகளிடம் என்றைக்காவது அப்படிக் கேட்டிருக்கிறோமா?

பர்னபாவைப் பற்றி இன்னொன்று. சவுல் என்கிற இதே பவுலை எல்லாரும் சந்தேகப்பட்டபோது அப்போஸ்தலரிடம் கூட்டிப் போனவர் அவர். தர்சுவுக்குத் தேடிப்போய் அழைத்து வந்தவரும் அவர்தான். நடபடிகள் 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் ‘பர்னபாவும் சவுலும்’ என்று இருக்கிறது. அந்த அதிகாரம் முடிவதற்குள் ‘பவுலும் பர்னபாவும்’ என்று மாறிவிடுகிறது. தான் வளர்த்தவனுக்குப் பின்னால் தன் பெயர் வந்ததற்கு அந்த மனுஷன் முகம் சுளித்ததாக எங்கும் எழுதியில்லை. நம் கல்வெட்டுகளில் பெயர் வரிசைக்காக நடந்த சண்டைகளை இங்கே நான் எழுத வேண்டியதில்லை.

வெள்ளாளன்விளை நமக்குத் தூரமில்லை. அங்கே பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், பெரும்பாலும் வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையின் முன் அவர் கேட்டது நினைவிருக்கும்: நீங்கள் உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். மேலே நின்று தயவு காட்டுகிறவர்களைப் பார்த்துச் சொன்னது. நூறு வருஷத்துக்கு மேல் நாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இன்றைக்கு நம் வாலிபர்கள் எழுந்து அதையே நம்மிடம் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் என்போம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கிறிஸ்துமஸ் கணக்கை இரண்டு வாலிபர்களிடம் கொடுங்கள், ஒரு ஆணிடமும் ஒரு பெண்ணிடமும். நம் பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து வவுச்சர் எழுதச் சொல்லித் தரட்டும். தப்பு வந்தால் அந்த அறைக்குள்ளேயே திருத்தட்டும். கமிட்டிக் கூட்டத்துக்கும் இரண்டு பேரைக் கூப்பிடுவோம், டீ கொண்டுவர அல்ல, பேச. பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பெரியவர் யாராக இருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவரும் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் பையன். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறான். ஆமாம், கணக்குதான். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் அவனைப் பார்க்கப் போகிறேன். மன்னிப்புக் கேட்கத்தான். என் பக்கத்து சீட்டு இன்னும் புக் ஆகவில்லை. வியாழனுக்குள் உங்களில் ஒருவர் சொன்னால் இரண்டு டிக்கெட்டாகப் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
வாலிபர் சங்கத்தின் பழைய செயலாளர், இந்நாள் மூப்பர்