ஆத்துத கூலி: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அண்ணாச்சி,

அக்டோபர் 30 நெருங்குகிறது. 1984-இல் அந்த நாளில்தான் நாகர்கோவில் கோணத்தில் வானொலி நிலையம் தொடங்கியது. வீட்டிலிருந்த பழைய மீடியம் வேவ் பெட்டியில் பண்பலை எடுக்காது. வளைகுடாவிலிருந்து ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் வந்திருந்த வீட்டுத் திண்ணையில்தான் கூட்டம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

நம் வானொலி நாடகங்களின் ஒத்திகை டேப்புகளை அன்றைக்கு வெளியிடப்போகிறேன். உங்களிடம் கேட்காமல் எடுத்த முடிவு, மன்னிக்கணும். கேட்டிருந்தால் "பாப்போம்" என்றிருப்பீர்கள். டேப்புக்கு அவ்வளவு ஆயுசு இல்லை.

இதைப் பலரும் படிப்பார்கள், அதனால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நிலையத்துக்கு உரிய ஒலிப்பதிவு எதையும் நான் தொடவில்லை. இவை நம் சொந்த மெஷினில், நம் செலவில் பிடித்தவை. ஓரிடத்தில் ஒரு பெயர் வருகிறது. யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் வெட்டிவிட்டேன், அதைப் பற்றி இங்கே வேறொன்றும் எழுதமாட்டேன்.

உங்கள் மகன் கொண்டுவந்து தந்த பெட்டியைத் திறந்தபோது எனக்கு வந்தது கோபம்தான். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், ஓட்டுக்குக் கீழே பரணில், டேப் சுற்றிய ஸ்பூல்களைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். டேப்பை நிற்கவைக்க வேண்டும். படுக்கவைத்தால் சுற்றுகள் சரிந்து விளிம்பு மடங்கும். மடங்கிய விளிம்பு, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் சரியாக உட்காராது, சத்தம் போய்ப்போய் வரும். சிலவற்றில் காந்தப் பொடியை டேப்பில் ஒட்டவைக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிட்டது. அப்படியே ஓட்டினால் டேப் கிரீச்சிடும், பழுப்புப் பொடி ஹெட்டில் அப்பும். அந்தப் பொடிதான் நம் குரல்.

அவற்றைக் காற்றாடி உள்ள மின் உலர்த்தியில் 54 டிகிரியில் எட்டு மணி நேரம் வைத்தேன். பிறகு அதே அளவு நேரம் ஆறவிட்டேன். கேஸ் அடுப்பு, ஓவன் எதுவும் ஆகாது, சூடு ஒரே சீராக நிற்காது. உலர்த்தினாலும் சில வாரங்கள்தான் தாங்கும், அதற்குள் பதிந்துவிட வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒளி ஊடுருவிய ஸ்பூல்களையும் வினிகர் வாடை அடித்தவற்றையும் உலர்த்தியில் வைக்கவே இல்லை. அவை அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை, சூடு பட்டால் சுருங்கி நாசமாகும். பூஞ்சை பூத்தவற்றைத் தனியே கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஸ்பூலுக்கும் முன்னால் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அசிமத்தை, அதாவது டேப்பின்மேல் ஹெட் நிற்கும் சாய்வை, காதால் சரிபார்த்தேன். 'ச' எழுத்து கூர்மையாக விழும் வரை திருக வேண்டும். டிஜிட்டலாகப் பதிந்தது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோவில். 15 நிமிடத்துக்குச் சுமார் 260 எம்பி.

இன்னொரு குறை. எல்லாவற்றையும் ரீவைண்ட் செய்து வைத்திருக்கிறீர்கள். ஓடி முடிந்த டேப்பை அப்படியே, வால் வெளியே இருக்கும்படி வைக்க வேண்டும். இறுக்கமாகச் சுற்றிய டேப்பில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றிலும் லேசாகப் பதியும். வால் வெளியே இருந்தால் அந்த நிழல் பெரும்பாலும் சொல்லுக்குப் பின்னால் விழுந்து அதன் அதிர்விலேயே மறைந்துபோகும். ரீவைண்ட் செய்து வைத்தால் சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். பரண் சூட்டில் வருஷக்கணக்காக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சாயாக்கடை நாடகத்தை எடுத்து ஓட்டியது இதையெல்லாம் சரிபார்க்கத்தான். ஒன்பது நிமிடம் தாண்டியதும் அந்த இடம் வருகிறது. விளவங்கோட்டுப் பேச்சில் கடைக்காரி சாயா விலை கூடிப்போச்சு என்கிறாள். தோவாளைக்காரர் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லவில்லை, வசனம் மறந்துவிட்டது. என் கையில், சாயா ஆற்றும் சத்தத்துக்காக, இரண்டு டம்ளர். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சூட்டுத் தண்ணீர். பச்சைத் தண்ணீர் வைத்தால் சத்தம் மெலிந்து கீச்சென்று விழும், சாயா என்று காது நம்பாது. பிரதியில் ஆற்றுவது ஒரே தடவைதான். நீங்கள் வாய் திறக்காததால் நான் ஆற்றிக்கொண்டே இருக்கிறேன். உயரத்திலிருந்து, நீளமாக, திரும்பத் திரும்ப. கடைசியில் கை நிற்கிறது. இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு நீங்கள்:

"அப்பம் ஆத்தாண்டாம் பிள்ளே. ஆத்துத கூலியும் சேத்துல்லா கேக்குதியோ?"

அப்படியானால் ஆற்ற வேண்டாம், ஆற்றுகிற கூலியும் விலையில் சேருகிறதே என்கிறார் தோவாளைக்காரர். பிரதியில் இருந்ததும் இதே வசனம்தான். ஆனால் அவ்வளவு நேரம் ஆற்றிய பிறகு வந்ததால்தான் அது சிரிப்பாகிறது. கேட்பவர் காதிலும் அந்தக் கூலி ஏறிவிட்டது. ஸ்டூடியோவில் சிரிக்க ஆளில்லை, முகம் காட்டவும் வழியில்லை. வானொலி நகைச்சுவைக்கு இருப்பது சத்தமும் இடைவெளியும் மட்டும்தான். ஒலிபரப்பில் நீங்கள் வசனத்தை உடனே, பிசகில்லாமல் சொன்னீர்கள். நான் ஒரு தடவை ஆற்றி நிறுத்தினேன். ஊர் கேட்டது அந்தத் தட்டையான பதிப்பைத்தான். "மறந்ததெல்லாம் வெளிய போகக் கூடாது" என்று நின்றது நீங்கள். உங்கள் பெயர் கெடும் என்ற பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் நாடகம் நம் இருவருடையது, அண்ணாச்சி.

இப்போது அந்த இரண்டு விநாடிக்குள் ஹெட்போனில் ஒன்று கேட்கிறது. அந்த ஸ்பூலில் அந்த இடத்தில் சுற்று ஒன்றுக்குச் சுமார் 27 சென்டிமீட்டர். டேப் ஓடுவது விநாடிக்கு 19. எனவே நிழல் ஒன்றரை விநாடிக்குச் சற்றே குறைவாக முந்தி வருகிறது. நீங்கள் வசனத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, "அப்பம் ஆத்தாண்டாம்" என்று உங்கள் குரலே மெல்ல எடுத்துக்கொடுக்கிறது.

மற்ற ஸ்பூல்களை மூன்று தடவை முன்னும் பின்னும் சுற்றி அந்த நிழலைக் குறைத்தேன், அப்படிச் செய்தால் கொஞ்சம் அடங்கும். இதை மட்டும் சுற்றவில்லை. மென்பொருளில் நீக்கவும் விடவில்லை. நீங்கள் பரணில் போட்டுவைத்த விதம் தப்பு. அந்தத் தப்பால் வந்ததை அழிக்க எனக்கு மனசில்லை. உங்கள் குரலை இத்தனை வருஷம் கழித்து இவ்வளவு பக்கத்தில் கேட்டேன், சண்டை போட்டதெல்லாம் அந்த நேரத்துக்கு மறந்துபோனது.

ஆனால் பெயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. அந்தக் காலத்து அறிவிப்பில் உங்கள் பெயர் முதலில், பிறகு 'குழுவினர்'. பிரதி எழுதியது யார் என்று வந்ததே இல்லை. இந்த முறை எழுத்து என்று என் பெயர் வரும். நடித்தவர்கள் என்று இருவர் பெயரும் அகரவரிசையில் வரும். அகரவரிசையில் நீங்கள்தான் முன்னால். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பரணில் இன்னும் ஒரு பெட்டி இருப்பதாகத் தம்பி சொன்னான். அதை ஓட்டிப் பார்க்க வேண்டாம், ரீவைண்டும் வேண்டாம். ஸ்பூல்களை நிற்கவைத்து, ஆடாதபடி இடையில் அட்டை செருகுங்கள். காரில் ஸ்பீக்கர் இல்லாத பக்கம் வையுங்கள், ஸ்பீக்கர் காந்தம் டேப்புக்கு ஆகாது. கேசட் இருந்தால் ஹெட் தொடும் இடத்தில் உள்ள சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உதிர்ந்திருந்தால் அதையும் உறையிலிட்டு அனுப்புங்கள், வேறு கூட்டில் மாற்றிப் பதிந்துகொள்ளலாம். மீன்காரி நாடகம் அதில்தான் இருக்க வேண்டும். சுளவில், அதாவது முறத்தில், பச்சரிசியை உருட்டி அலைச் சத்தம் எழுப்பினோமே, அது. 30-ஆம் தேதிக்குள் வந்தால் அதையும் சேர்த்துவிடுவேன்.